லூபோக் சீனா வானத்தில் ஒரு பஃபலோ



ஒரு காலை நிகழ்ச்சியில், இரண்டு பாடல்களுக்கு நடுவே, "வீட்டில் ஒரு போர் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதன் பிறகு பாடல் கேட்டு ஒருவரும் செய்தி அனுப்பவில்லை. வந்தவை எல்லாம் விமானக் கேள்விகள். "ட்ரோனா?", "எவ்வளவு செலவு?", "பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா?", "அஜித் விடுவாரே, அதுவா?"

அஜித் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆமாம், அதே குடும்பம்தான். ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானங்கள் நடிகர் அஜித்குமாருக்குப் பல ஆண்டுப் பழக்கம். 2018இல் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் அணிக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' ஆளில்லா விமானப் போட்டியில் அந்த அணி இரண்டாம் இடம் பெற்றது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அந்த எம்.ஐ.டி.யில்தான். ஆகவே, "இந்த வயசுல என்ன விளையாட்டுச் சாமான்?" என்று கேட்கும் மாமாக்களுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்கிறது.

ட்ரோன் வேறு, இது வேறு. கையை எடுத்துவிட்டால் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்கும். உள்ளே இருக்கும் கணினி பார்த்துக்கொள்ளும். மாதிரி விமானத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதிலும் 'ஸ்கேல் வார்பர்ட்' என்பது, உண்மையில் பறந்த ஒரு போர் விமானத்தை ஒரே விகிதத்தில் சுருக்கி, அதே வடிவம், அதே நிறம், அதே அடையாள எழுத்துகளோடு கட்டிப் பறக்க விடுவது. உண்மை விமானத்தின் குணமும் குறையும் சேர்ந்தே வரும்.

எருமையைத் தேர்ந்தெடுத்த கதை

பெரும்பாலானோர் ஸ்பிட்ஃபயர் கட்டுவார்கள். அழகான விமானம், அதற்கும் நம் மண்ணோடு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் விமானப் படையின் கடைசி ஸ்பிட்ஃபயர் பணிப் பயணம் 1954 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூர் செலேத்தாரிலிருந்து கிளம்பி ஜொகூர் காடுகளைப் படமெடுத்துத் திரும்பியதுதான். ஆனால் நான் கட்ட நினைத்தது, 1941இல் இந்த மலாயா வானத்தைக் காக்க அனுப்பப்பட்ட விமானத்தை. அதன் பெயர் ப்ரூஸ்டர் பஃபலோ.

பெயரைக் கேட்டதும் என் தாய்மாமா சிரித்தார். "பேரே எருமையா? அப்போ பறந்த மாதிரிதான்மா!"

மாமா விளையாட்டாகச் சொன்னதைத்தான் வரலாறும் ஏறக்குறைய சொல்கிறது. அமெரிக்கக் கடற்படைக்காக வடிவமைக்கப்பட்ட குட்டையான, வயிறு பெருத்த விமானம் அது. பிரிட்டன் 170 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1941இல் அவை பெட்டிகளில் வந்து சிங்கப்பூரில் பூட்டப்பட்டன. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விமானிகள் அவற்றை ஓட்டினார்கள். விமானிக்குப் பின்னால் கவசத் தகடு, கூடுதல் கருவிகள் என்று எடை ஏறிக்கொண்டே போனது. எஞ்சின் சக்தி அதற்கேற்ப ஏறவில்லை. நம் வெயிலில் எஞ்சின் சூடாகி எண்ணெய் கசிந்தது. மேலே ஏறவே திணறியது.

எதிரில் வந்த ஜப்பானிய ஹயபூசா இலேசானது, சட்டென்று திரும்பக்கூடியது. மலாயாவில் இருந்த விமானிகள் சிலர் தங்கள் பஃபலோவின் கனமான துப்பாக்கிகளைக் கழற்றிச் சிறியவற்றைப் பூட்டினார்கள். தோட்டாவைக் குறைத்தார்கள், எரிபொருளையும் குறைத்தார்கள். சண்டைக்குப் போகிறவர்கள் ஆயுதத்தைக் குறைத்துக்கொண்டு கிளம்பினார்கள் என்றால், எடை அவர்களை எவ்வளவு படுத்தியிருக்க வேண்டும்!

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். டிசம்பர் 10, குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, ஆஸ்திரேலியாவின் 453ஆம் அணி பஃபலோக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டிசம்பர் 22 அன்று கோலாலம்பூர் வானில் அதே அணி பெரிய சண்டையைச் சந்தித்தது. ஜனவரி நடுவில் மலாக்கா விழுந்தது. பிப்ரவரி 15, சிங்கப்பூர்.

இன்று ஏறக்குறைய முழுமையாக எஞ்சியிருக்கும் அசல் பஃபலோ ஒன்றே ஒன்றுதான். அதுவும் பின்லாந்துக்காரர்கள் ஓட்டியது. 1998இல் ரஷ்யாவில் ஓர் ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது. நம் வானத்தில் பறந்த பஃபலோவை நம் வானத்திலேயே மறுபடியும் பார்க்க வேண்டுமானால், யாராவது கட்டினால்தான் உண்டு.

விமானம் சுருங்கும், காற்று சுருங்காது

ஏழில் ஒரு பங்கு என்று முடிவு செய்தேன். உண்மை பஃபலோவின் இறக்கை நுனிக்கு நுனி 35 அடி. ஏழால் வகுத்தால் 5 அடி. லயத்து வீட்டுக் கட்டிலில் குறுக்கே கிடத்தலாம். கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. நீளத்தை ஏழால் வகுத்தால், இறக்கையின் பரப்பு 49 மடங்கு குறைகிறது. எடையோ 343 மடங்கு குறைய வேண்டும். சண்டைக்குக் கிளம்பும்போது பஃபலோ ஏறக்குறைய 3 டன். அதை 343ஆல் வகுத்தால் எட்டே முக்கால் கிலோ. அந்த எடையில் என் விமானத்தைக் கட்டினால், தோட்டத்துத் திடலில் இறக்க முடியாத அளவுக்கு அது வேகமாக வரும். நான் வைத்துக்கொண்ட இலக்கு 3 கிலோ.

அம்மாவின் சமையல் தராசு அன்றிலிருந்து என் மேசைக்கு வந்துவிட்டது. முறுக்கு மாவு அளக்கத் தேடும்போதெல்லாம், "அங்க பாரு, ஏரோப்பிளேன் மேல இருக்கும்" என்று தம்பி கைகாட்டுவான்.

எலும்புக்கூடு முழுவதும் பல்சா மரம். உலகத்துக்கு வேண்டிய பல்சாவில் பெரும்பகுதி தென் அமெரிக்காவின் ஈக்வடோரிலிருந்து வருகிறது. கையில் எடுத்தால் காகிதம் மாதிரி இருக்கும். இதை வைத்து உண்மை விமானமே கட்டியிருக்கிறார்கள். பிரிட்டனின் மொஸ்கிட்டோ விமானத்தின் உடல், இரண்டு மெல்லிய பிர்ச் பலகைகளுக்கு நடுவே பல்சாவை வைத்து ஒட்டியதுதான். நம் பக்கத்து ஈரமும் வெப்பமும் அந்த மர உடம்பின் ஒட்டுகளைச் சோதித்தன என்பதும் போர்க்காலப் பதிவு. ஆகவே நான் ஒவ்வொரு பலகையையும் ஒட்டும் முன் வெயிலில் காயவைத்து, கட்டி முடித்ததும் மெல்லிய கண்ணாடியிழைத் துணியும் நீரில் கரையும் வார்னிஷும் பூசி ஈரத்துக்குக் கதவடைத்தேன். அடிப்பக்கத்துக்கு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டும் பிளாஸ்டிக் தாள்.

ஏழு மாதம் ஆனது. பெரும்பாலும் இரவு எட்டரையிலிருந்து பத்தரை வரை. மறுநாள் விடியற்காலை வேலைக்கு எழ வேண்டியிருந்ததால் அதற்கு மேல் கை ஓடாது. முடித்த நாளின் கணக்கு இது: மரக்கூடு 1,150 கிராம்; துணி, தாள், பெயின்ட் 280; மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, புரொப்பெல்லர் 480; பேட்டரி 620; இறக்கைகளையும் வாலையும் அசைக்கும் ஐந்து செர்வோக்களும் ரிசீவரும் 170; சக்கரங்கள் 230. கூட்டினால் 2,930.

இதில் இன்னொரு பாடம் உண்டு. பஃபலோவுக்கு மூக்கு குட்டை. மூக்கு குட்டையானால் வால் கனக்கும். வால் கனத்த விமானம் பைலட் சொல் கேட்காது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரலால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வாலில் ஒரு கிராம் கூடினால், அதைச் சமப்படுத்த மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க நேரும். அதனால் வால் பக்கத்துப் பலகைகளை எல்லாம் பொறுக்கி எடுத்த இலேசான துண்டுகளிலேயே செய்தேன். பேட்டரியை மோட்டாரை ஒட்டியபடி மூக்குக்குள் தள்ளினேன். கடைசியில் 60 கிராம் ஈயம் போதுமாக இருந்தது. மொத்தம் 2,990. மூன்று கிலோவுக்குப் பத்து கிராம் குறைவு.

மேலே கரும்பச்சையும் மண் பழுப்பும். அடியில் வெளிர் வான நிறம். பக்கவாட்டில் 453ஆம் அணியின் 'டி.டி.' எழுத்துகள். ஆணித் தலைகளை மேல்பக்கம் மட்டும், துளித் துளியாகப் பசை வைத்துக் காட்டினேன். அடிப்பக்கம் வைக்கவில்லை, எடை.

மூன்று சென்டிமீட்டர் கம்பி

வானொலிக்காரியாக எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. பண்பலையில் நான் பேசுவது ஏறக்குறைய 100 மெகாஹெர்ட்ஸில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலையின் நீளம் 3 மீட்டர். விமானத்தைக் கட்டுப்படுத்தும் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அலை நீளம் வெறும் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதனால் விமானத்துக்குள் இருக்கும் ஆன்டெனா, அதில் கால்வாசியாக, 3 சென்டிமீட்டர் கம்பியாக இருந்தால் போதும்.

முந்தைய தலைமுறைக் கருவிகளில் ஓர் அலைவரிசைக்கு ஒரு படிகம். ஒரே திடலில் இருவர் ஒரே அலைவரிசையைத் திறந்தால் ஒருவர் விமானம் கீழே வரும். அதனால் அந்தக் காலத்தில், பலகையில் மாட்டியிருக்கும் வில்லையை எடுத்தவர் மட்டுமே கருவியைத் திறக்கலாம் என்று விதி வைத்திருந்தார்கள். இப்போதைய கருவிகள் ஒரு நொடிக்குள் பலமுறை அலைவரிசை தாவும். ரிசீவரும் தன் கருவியைத் தவிர வேறெதற்கும் செவி கொடுக்காது.

ஆனால் இந்தச் சின்ன அலைக்கு ஒரு பலவீனம்: தண்ணீர். மழையில் நனைந்த செம்பனை ஓலைகள் அதை விழுங்கிவிடும். ஆகவே மரங்களுக்குப் பின்னால் விமானத்தைப் போகவிடக் கூடாது. பறக்கும் முன், கருவியின் சக்தியைக் குறைத்து வைத்து முப்பது அடி எடுத்து நடந்து, அங்கிருந்தும் வால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படியும் முன்பே அமைத்து வைக்க வேண்டும். வானொலியில் தொடர்பு போனால் அமைதி நிலவும், நேயர்கள் திட்டுவார்கள். இங்கே 3 கிலோ மரம் யார் தலையிலாவது விழும்.

வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசை வந்தால் இவற்றை மனத்தில் வையுங்கள். போர் விமானத்தில் தொடங்க வேண்டாம். கணினியில் பறக்கப் பழகிவிட்டு, நுரைப் பொருளில் செய்த, இறக்கை மேலே இருக்கும் பயிற்சி விமானம் ஒன்றை வாங்கலாம். ரேடியோ கருவியில் சிரிம் முத்திரை இருக்கிறதா பாருங்கள். நம் நாட்டு 2016ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து விதிகளின்படி உயர வரம்பு தரையிலிருந்து 400 அடி. விமான நிலையங்களின் வட்டத்துக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. திடல் யாருடையதோ அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியை ஆள் இல்லாத வீட்டில் சார்ஜ் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்லாதீர்கள்.

ஐந்து நிமிடம்

லூபோக் சீனாவில் காலை ஒன்பதுக்குள் பறந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வெயில் ஏறும், நீரிணைப் பக்கமிருந்து காற்று வரும், மதியத்துக்கு மேல் இடி. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிறு காலை தோட்டத்துத் திடலுக்குப் போனோம். மாமா மகன் வாலைப் பிடித்துக்கொண்டான். செய்தி பரவி, பந்து விளையாட வந்த பையன்கள், தேநீர் குடிக்கப் போனவர்கள், மோட்டார் சைக்கிளில் பேரன் பின்னால் அமர்ந்து வந்த தொண்ணூறைத் தாண்டிய தாத்தா ஒருவர் என்று முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

இத்தகைய விமானத்தில் மோட்டாரை ஒரேயடியாக முறுக்கக் கூடாது. புரொப்பெல்லர் சுழலும் விசை மூக்கை இடப்பக்கம் இழுக்கும். வலது சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே வேகம் கூட்ட வேண்டும். முப்பது மீட்டர் ஓடியது. வால் எழும்பியது. புல்லை விட்டு எழுந்ததும் பையன்கள் போட்ட சத்தத்தில் மோட்டார் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. மேலே போனதும் குட்டையான உடம்பும் கட்டை இறக்கையுமாக, படங்களில் பார்த்த அதே பஃபலோ. உயரத்தில் வைத்து வேகத்தைக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கை பிடிப்பை இழக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். இறக்கும்போது அதைவிட வேகமாக வர வேண்டும் என்பதற்காக. ஐந்தாவது நிமிடம் இறக்கினேன். புல்லில் சக்கரம் தட்டி, மெதுவாக மூக்கைக் குத்தி நின்றது. புரொப்பெல்லர் நுனி மட்டும் உடைந்தது. மாற்றுப் புரொப்பெல்லர் பையில் இருந்தது.

தாத்தா விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தார். சின்ன வயதில் இந்த மாதிரி விமானங்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"பாக்குறதுக்கு எங்கம்மா நேரம்? சத்தம் கேட்டாலே கங்காணி கத்துவாரு, பால்மரத்தடிக்கு ஓடுன்னு. வெள்ளக்காரன் ஏரோப்பிளேனா, சப்பான்காரன் ஏரோப்பிளேனான்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்துக்கும் ஒரே ஓட்டந்தான்."

பிறகு 'டி.டி.' எழுத்தைத் தொட்டு அது என்னவென்று கேட்டார். விமானப் படை அணியின் அடையாளம் என்றேன். இந்த விமானங்களை ஓட்டியவர்களின் பெயர்கள், யார் எந்த நாளில் விழுந்தார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் பதிவாகி இருக்கிறது. உடல் கிடைக்காமல் போனவர்களின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அந்தச் சுவரில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு என்று சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கப்பாவ சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனானுங்க. திரும்பல. அவரு பேரு எந்தச் செவுத்துலயாவது இருக்குமாம்மா?"

ஏழு மாதமாக நான் அந்த விமானத்தைப் பற்றிச் சேகரித்தவை எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. எத்தனை குதிரைச் சக்தி, என்ன பச்சை, எந்த இடத்தில் எத்தனை ஆணி. ஓர் இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல பத்தாயிரம் பேர். 415 கிலோமீட்டர் பாதை. இறந்த போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அங்கே வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் மிகப் பலருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

கையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது; அது என் தொழில். திடலோரத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அவரைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். அப்பாவின் முழுப்பெயர், தாத்தாவின் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த மாதம் லாரி வந்தது, அதே லாரியில் ஏறிய வேறு நால்வர் யார் என்று சொன்னார். நான்கு பேரில் மூவரின் பெயர் அவருக்கு நினைவிருந்தது. பேரனுக்கு அதில் ஒன்றும் முன்பு தெரியாது.

"போர் விமானத்தைப் பொம்மையாக்கி விளையாடலாமா?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்த விமானம் திடலுக்கு வந்ததால்தான் எண்பது ஆண்டு உள்ளே இருந்த ஒரு பெயர் வெளியே வந்தது. அவருக்கு நான் தரக்கூடிய பதில் அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் 90ஐத் தொட்ட ஒருவர் இருக்கலாம். விமானம் கட்ட வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒலிப்பதிவைத் திறந்து, பக்கத்தில் வைத்து, நான்கே கேள்வி கேளுங்கள்: யார் போனார்கள், எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த ஆண்டு, கூடப் போனவர்கள் யார். பதிவை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல், குடும்பத்தில் குறைந்தது மூவருக்கு அனுப்பிவிடுங்கள். பெயர்களை ஒரு தாளில் தமிழில் எழுதி, எழுத்துக்கூட்டல் சரியா என்று அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.